விரலை வரைந்தவர்

சொட்டு மருந்து விட்டதும் முதலில் கண் எரிந்தது, பிறகு தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்டது நாக்குக்கு எந்த வழியாக வந்து சேருகிறது என்று மங்கையர்க்கரசி ஒவ்வொரு தடவையும் யோசிப்பாள், ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேட்க மறந்துவிடுவாள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தெரியவில்லையா என்று அவர் நினைத்துவிட்டால். "அப்படியே உட்கார்ந்திருங்க, கண்ணு நல்லா விரியட்டும், வந்து கூப்பிடுறேன்" என்று தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு நர்ஸ் பெண் நடந்தாள். அவளுடைய நீலச் சட்டை நாலடி போவதற்குள் சுவரோடு கரைந்துவிட்டது. எதிர்வரிசையில் இருந்தவர்களின் முகமெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஜன்னல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது, பால் பொங்குகிற மாதிரி, அடுப்பை அணைக்க ஆளில்லாமல். நரம்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அடுத்த தடவை பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அப்பாவுக்கும் வேலூரில் இப்படித்தான் ஆரம்பித்தது, கொஞ்சம் என்றுதான் சொன்னார்கள், கடைசியில் மேஜை மேலிருக்கும் காபி டம்ளரைக் கை தடவித் தடவி, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், வேறு எதையாவது நினை, மழையை நினை, வெளியே மழை பெய்கிறதா நின்றுவிட்டதா, இந்தக் கண்ணுக்கு இனிமேல் தெரியாது, காதைக் கொடுத்தால்தான் தெரியும் என்று காதைக் கொடுத்தபோதுதான் வரவேற்பு மேஜைப் பக்கம் ஒரு கரகரத்த குரல் கேட்டது. "வோலக். எம்மெட் வோலக். எனக்கும் சொட்டு மருந்து விட்டாச்சு, எங்க உட்காரணும்னு மட்டும் சொல்லுங்க." செருப்பு தேய்கிற சத்தம் நெருங்கி வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை வந்தது. பக்கத்து நாற்காலி முனகியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடிக்க வேண்டும்? அவருக்கு இவளைத் தெரியாது. ஒரே ஊரில், ஒஹையோவின் ஆற்றங்கரையில் இருக்கிற இந்தச் சின்ன கார்வெலில், இத்தனை வருஷமாக இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இவளுக்கு அவரைத் தெரியும், அவருடைய கையெழுத்துத் தெரியும், படத்தின் கீழ்மூலையில் எறும்பு மாதிரி ஊர்கிற அந்த 'வோலக்'. கார்வெல் கூரியர் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் தினமும் அந்த எறும்பைத் தேடித்தான் அவளுடைய காலை விடியும், அவளுடையது மட்டுமா, நகரமன்றத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படித்தான். காபி ஆறிப்போகும். இன்றைக்கு யார் தலை? நம்ம தலையா, பக்கத்து வீட்டுத் தலையா? நம்முடையது இல்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி வரும், கூடவே, சொன்னால் வெட்கம், ஒரு சின்ன ஏமாற்றமும் வரும். அவள் புருஷன் அறவாழி முதல் தடவை மன்றத் தேர்தலில் நின்றபோது அவளுக்கு வந்தது நிம்மதியுமில்லை ஏமாற்றமுமில்லை, பயம். சுத்தமான பயம். அவர் இந்த ஊரில் பாலம் கட்டின என்ஜினீயர், ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அந்தப் பாலத்தின் மேல்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள், அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியிலெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. தலைப்பாகை கட்டின ஒரு கரிய உருவம், மகுடி, கூடை, கூடைக்குள்ளிருந்து படமெடுக்கிற பாம்பு, பாம்பின் தலையில் 'உங்கள் வரிப்பணம்'. அறவாழி வாழ்நாளில் தலைப்பாகை கட்டினதில்லை, கல்யாணத்துக்குக் கட்டச் சொன்னபோதுகூட மாட்டேன் என்று அவரும் அவர் அப்பாவும் ஒரே குரலில் சொன்னவர்கள். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மகுடி ஊதுறவனுக்கு வாய் இப்படியா இருக்கும், வரையத் தெரியல இவனுக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. துண்டுக் காகிதத்துக்காரன் கிடக்கட்டும், வரையத் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறானே இந்த ஊரில், அவன் வரைவானே, அவன் எதை எடுப்பான்? கேலிப்படம் என்றால் ஏதாவது ஒன்றைப் பெரிதாக்கத்தானே வேண்டும். இந்த முகத்தில் எதை? நிறத்தையா, மூக்கையா, பேச்சையா? இரண்டு ராத்திரி அவள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் வோலக்கின் படம் வந்தது, அதில் அறவாழியே இல்லை. ஒரு கொழுத்த மனிதன் கட்டில்மேல் ஏறி நின்று அலறிக்கொண்டிருக்கிறான், கால்சட்டை கணுக்காலில் விழுந்து கிடக்கிறது, கீழே தரையில் அவனே உருவிப் போட்ட இடுப்பு பெல்ட் வளைந்து கிடக்கிறது, அதைக் காட்டி அலறுகிறான், "பாம்பு!" அவ்வளவுதான். ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தக் காகிதம் அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியிலும் செருகப்படவில்லை. கூரியர் ஆபீஸ் ஜன்னலில் மட்டும் யாரோ செங்கல்லை விட்டெறிந்தார்கள்.

இப்போது பக்கத்தில் அந்த ஆள் இருமினார். கைக்குட்டையைத் தேடுகிறார் போலிருக்கிறது, கோட்டுப் பைகள் சரசரத்தன. அந்தக் கை. இந்தப் பக்கத்துக் கைதான் வரைகிற கையா, அந்தப் பக்கத்துக் கையா? தலையைத் திருப்பினால் தெரிந்துவிடப் போவதில்லை, எல்லாமே மங்கல், ஆனாலும் அவள் திரும்பவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும் அப்போதே. சொல்லவில்லை, ஏனென்றால் கொஞ்ச நாளிலேயே நன்றியெல்லாம் பறந்துவிட்டது, அறவாழி ஜெயித்து மன்றத்தில் உட்கார்ந்த முதல் கூட்டத்துக்கு மறுநாள் அவரையே வரைந்துவிட்டார் இந்த மனிதர். அன்று காலை அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. முகத்தில் எங்கே கறுப்பைப் பூசியிருக்கிறான், எங்கே கூடுதலாகக் கோடு இழுத்திருக்கிறான்? இல்லை. பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்கார உறுப்பினரின் முகத்துக்கு எத்தனை காகித வெள்ளையோ அத்தனை வெள்ளைதான் அறவாழியின் முகத்துக்கும். மூக்கு மூக்காகத்தான் இருந்தது. பெரிதாக்கியிருந்தது ஒன்றே ஒன்றைத்தான், வலது கைச் சுட்டுவிரல். மேஜையிலிருந்து புறப்பட்டுக் கூரையை முட்டி அங்கிருந்து மடங்கித் திரும்பி வருகிறது, அதன் நுனியில் எழுதியிருக்கிறது, 'ஒரே ஒரு விஷயம்...' கீழே நாற்காலியில் எல்லோரும் தூங்குகிறார்கள், ஒருவருக்குச் சிலந்தி வலை கட்டிவிட்டது. அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து பூதக்கண்ணாடி நனைந்தது. அப்புறம் திடுக்கிட்டு நிமிர்ந்து சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள், இந்த ஆள் எங்கே ஒளிந்துகொண்டு பார்த்தான் என்று. ஏனென்றால் அந்த விரல் இந்த வீட்டுக்குள் எழும்புகிற விரல். "மங்கை, ஒரே ஒரு விஷயம்" என்று ரசம் ஊற்றப் போகும்போது எழும்பும், ஒன்று முடிந்து மூன்று ஆகி, ரசம் ஆறி, அவள் கரண்டியோடு நின்றுகொண்டேயிருப்பாள். குடியாத்தத்தில் மாமனார் மேடை போட்டுப் பேசுவார், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவருடைய விரலின் நிழல் எதிர் வீட்டுச் சுவரில் ஏறும் என்பார்கள். அந்த விரல்தான் இந்த விரல். அதைக் கடல் கடந்து கொண்டுவந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். இந்த மனிதர் மன்றத்தின் கடைசி வரிசையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை, என்ன பண்ணுகிறாய் என்று பார்த்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகும், இளகக்கூடாது என்று இறுக்கிக்கொள்வாள். இந்த நாட்டில் குடியுரிமைக்குக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்த நாளைவிட அந்தப் படம் வந்த நாளில்தான், இதை யாரிடம் சொல்ல முடியும், தன் புருஷன் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டுகிறான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு அந்த விரல் வளர்ந்தது. அறவாழி மேயரானார், விரலும் மேயரானது. ஆற்றின் குறுக்கே பாலமாகக் கிடந்தது, அதன்மேல் கார்கள் போயின. துணி காயப்போடுகிற கொடியாகி அதில் வாக்குறுதிகள் தொங்கின. பனிக்காலத்தில் தெருக்களில் பனி அள்ளாமல் விட்டபோது பனிமனிதனுக்குக் கேரட்டுக்குப் பதில் அந்த விரலை மூக்காகச் செருகியிருந்தார். கடையில் பில் போடுகிற பெண்கள் அறவாழியைப் பார்த்தால் விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள், அவரும் பதிலுக்குத் தூக்குவார். ஒரு மார்கழிச் சாயங்காலம், இங்கே அதை மார்கழி என்று சொல்ல அவள் ஒருத்திதான், கூரியர் ஆபீஸுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது வோலக்கைப் பார்த்தாள். தரைத்தளத்தில் விளக்கெரிகிற ஜன்னல். சாய்வுப் பலகை முன்னால் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு ஆள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, பக்கத்தில் சின்ன முகக்கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்கிறார், பலகையில் குனிந்து இழுக்கிறார், நிமிர்ந்து உதட்டைப் பிதுக்குகிறார், மறுபடி குனிகிறார். பிறகு தன் சுட்டுவிரலைத் தூக்கினார். தூக்கி, கண்ணாடிக்குள் ஏதோ பேசினார், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை, ஆனால் தோள் ஏறி இறங்கிய விதம், தாடையை ஒரு பக்கமாகச் சாய்த்த விதம், ஐயோ, அவரேதான், அப்படியே அவர். ஒருத்தரைக் கேலி செய்யவேண்டுமென்றால் முதலில் அவராகவே ஆகிப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. பஸ் வந்தது, போனது, அவள் ஏறவில்லை. அந்த ஆள் அழித்தார், மறுபடி வரைந்தார், அழித்தார். மறுநாள் பத்திரிகையில் உள்ளங்கை அளவு வருகிற படத்துக்கு, மத்தியானம் மீன் மடித்துக் கொடுக்கப்போகிற காகிதத்துக்கு, இத்தனை பாடா? கார் விற்கிற பெரிய முதலாளியை வரைந்து அவர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டதும், ஆசிரியர் மன்னிப்புக் கேட்டு ஒரு படம் போடச் சொன்னதும், இவர் மறுநாள் வெறும் கட்டத்தைப் போட்டு மூலையில் எறும்புக் கையெழுத்தை மட்டும் இட்டு அனுப்பியதும் ஊர்ப்பேச்சு. அந்தக் காலிக் கட்டத்தையும் ஆசிரியர் அச்சடித்தார். கார் முதலாளி ஒரு மாதம் கழித்து விளம்பரத்தோடு திரும்பி வந்தார்.

அதெல்லாம் சரி. அதெல்லாம் சரிதான். ஆனால் குழாய்ப் படம்? இங்கே வந்ததும் அவளுடைய எண்ணம் எப்போதும் போல் முள்ளில் மாட்டின சேலையாக நின்றது, இழுத்தால் கிழியும். கிழக்குப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர்க் குழாய்கள் ஈயக் குழாய்கள், குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில் ஈயம் இறங்குகிறது என்று பரிசோதனையில் வந்துவிட்டது. வேதியியல் வாத்தியார் அவள் சொன்னாள், ஈயம் நல்லதில்லைங்க, பிள்ளைங்க மூளையைத் தின்னும். "தெரியும் மங்கை. ஆத்தங்கரை நடைபாதை முடியட்டும், அடுத்த வேலை அதுதான். ஒரே ஒரு விஷயம்..." என்று விரலைத் தூக்கினார். நடைபாதை முடியவில்லை, குழாய் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. அப்போது வந்தது அந்தப் படம். ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை, சமையலறைத் தொட்டி. குழாயைத் திறந்து குழந்தையின் பால்புட்டியைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறாள். குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை, அந்த விரல் வருகிறது. ஒரு வார்த்தை எழுதவில்லை. 'ஒரே ஒரு விஷயம்' என்றுகூட எழுதவில்லை. அறவாழி தோசையைப் பாதியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சட்னி வேண்டுமா என்று கேட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மன்றத்தில் எழுந்து நின்று, நடைபாதையை நிறுத்துகிறேன், நாளைக்கே கிழக்குப் பக்கத்தில் தோண்ட ஆரம்பிக்கிறோம், இதைத் தள்ளிப்போட்டது என் தப்பு என்று சொன்னார். விரலைத் தூக்கவில்லையாம், இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னாராம். அவர் செய்ததிலெல்லாம் பெரிய காரியம் அதுதான், அவளுக்குத் தெரியும், இன்றைக்குக் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது. தோண்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் நகரமன்றப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் படம்தான் அவரை உள்ளே உடைத்துவிட்டதோ? டாக்டர் அடைப்பு என்றார், பல வருஷத்து அடைப்பு, படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருக்க முடியாது, வேதியியல் படித்தவள் அவள். ஆனால் பாதித் தோசை. அந்தப் பாதித் தோசையை என்ன செய்வது? அவர் போனதும் வெளியூர்ப் பத்திரிகைக்காரன்கூட, ஒருதடவைகூட அவரைப் பார்த்திராதவன், சொர்க்கத்து வாசலில் அவர் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் போட்டான். வோலக் போடவில்லை. எரித்துவிட்டு வந்த மறுநாள் அவள் கூரியரைப் பிரித்தாள், தெருப்பள்ளம் வரைந்திருந்தார். பள்ளம்! ஒரு பள்ளத்துக்குள் பஸ் விழுந்துகிடக்கிறது. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடச் சாப்பாடு. அதற்கு மறுநாள் ஆளுநர். மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள், அந்த விரல் பிறகு ஒருநாளும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அவர் உயிரை எடுத்துவிட்டு, உயிர் போன அன்று ஒரு கோடு இழுக்கக்கூட அவர் ஆகாதவராகிவிட்டாரா? கேட்கவேண்டும். இதோ பக்கத்தில்தான் இருக்கிறார், கேட்டால் என்ன. ஏன் வரையவில்லை. இரண்டே சொல். இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது, கோபமாகவா, சாதாரணமாகவா, குரல் நடுங்கினால்? வேண்டாம். எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடலாம். எந்த நாற்காலி காலி என்று இந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும், யார் மடியிலாவது போய் உட்கார்ந்துவிட்டால்.

"மழை நின்னுடுச்சான்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்றது பக்கத்துக் குரல்.

"எனக்கும் சொட்டு மருந்துதான்" என்றாள். "ஜன்னல் இருக்கிறது மட்டும்தான் தெரியுது."

"அப்ப நல்ல ஜோடி." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எனக்கு மருந்து இல்லாட்டியும் இப்படித்தான். நடுவுல மட்டும் அழிஞ்சுபோச்சு, ரப்பர் வச்சுத் தேய்ச்ச மாதிரி. உங்களை நேரா பார்த்தா உங்க காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. முகத்தை வச்சுப் பிழைச்சவனுக்கு இது. இன்னிக்கு டாக்டர் சொல்லப்போறார், இதுக்கு மேல வரையலாமா, கட்டி வச்சுடணுமான்னு. நான் பத்திரிகையில படம் போடுறவன்."

"தெரியும்" என்றாள். அவளுக்கே அவள் குரல் யாருடையதோ போலிருந்தது. "நான் அறவாழியோட மனைவி."

கம்பளிக் கோட்டின் சரசரப்பு நின்றுவிட்டது. எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறாரோ என்று அவள் திடீரென்று பயந்தாள், கேட்டால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது, கார் முதலாளிக்குக் கேட்காதவர் தனக்கும் கேட்கக்கூடாது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள். ஒத்திகை பார்த்த மாதிரி எதுவும் வரவில்லை. "அவர் செத்தப்ப நீங்க ஏன் அவரை வரையல?"

"வரைஞ்சேன்" என்றார் வோலக். "நாலஞ்சு வரைஞ்சேன். எல்லாத்தையும் கிழிச்சுட்டேன். காலையில யார் கூப்பிட்டுத் திட்டுவா?"

அவளுக்குப் புரியவில்லை.

"அவர் சொன்னதில்லையா உங்ககிட்ட?" குரல் அவள் பக்கமாகத் திரும்பியது. "அவர் படம் வந்தா மறுநாள் காலையில, இல்ல, அன்னிக்கே காலையில எனக்குப் போன் வரும். ஹலோ கிடையாது. 'அந்தப் பாலத்துக்கு மூணு தூண்தான் போட்டிருக்கே, மூணு தூண்ல அது நிக்குமா, படிச்சவன்தானே நீ'ம்பார். 'என் இடுப்பு அவ்வளவு பெருசா?'ம்பார். நான் பதிலுக்குக் கத்துவேன். பன்னெண்டு வருஷம். காரை எடுக்கிறதுக்கு முன்னாடி பேசுறேன், வீட்டுக்குள்ள பேசினா மனைவி என் பக்கம் சேரமாட்டா, உன் பக்கம்தான் சேருவான்னார்."

காரேஜில் வண்டியைக் கிளப்பாமல் அவர் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். செய்தி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், சில நாள், முக்கியமாகக் கடைசியில், மனசு சரியில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவாள். போய்க் கதவைத் தட்டியிருந்தால். தட்டாதது நல்லதாகப் போயிற்று. அவர் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், தன் வயதொத்த ஒருத்தனோடு, சரிக்குச் சரி.

"குழாய்ப் படம் வந்த அன்னிக்கு?" என்றாள். கேட்டுவிட்டு நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கூப்பிடல" என்றார் வோலக். "முதல் தடவையா கூப்பிடல. நான் மத்தியானம் வரைக்கும் போன் பக்கத்துலயே இருந்தேன். படம் சரிதான், அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, அந்தத் தெருவுக்குப் போய் அந்த அம்மாவையும் குழந்தையையும் பார்த்துட்டு வந்துதான் வரைஞ்சேன். ஆனா ஒரு மனுஷன் போன் பண்ணலைன்னா பயமா இருக்காதா? மறுநாள் கூப்பிட்டார். 'நேத்து முழுக்கத் தேடினேன் வோலக், திட்டுறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அதான் கூப்பிடல' அப்படின்னார். முப்பத்தஞ்சு வருஷமா வரையிறேன், எனக்கு மேடையில ஏத்திப் பரிசு கொடுத்திருக்காங்க. அந்த மாதிரி ஒரு வார்த்தை யாரும் எனக்குச் சொன்னதில்ல."

அவள் கண்ணிலிருந்து மருந்து வழிகிறதா வேறு எதுவுமா என்று தெரியவில்லை, துடைத்துக்கொண்டாள். கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், போகட்டும்.

"கடைசி நாளும் பேசினார்" என்றார் அவர், மெதுவாக. "அன்னிக்குக் காலையில. விரலை வச்சு மண் தோண்டுற மாதிரி போட்டிருந்தேன், கிழக்குப் பக்கத்துல. விரலுக்கு மூணு கணுதான், நீ நாலு போட்டிருக்கே, எண்ணிப் பாருன்னார். எண்ணினேன். நாலுதான் இருந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கல."

"சிரிச்சாரா?"

"போனைக் காதுலேர்ந்து தள்ளிப் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவு சத்தம்."

அவள் அந்தக் காலையைத் தேடினாள். இட்லி, சுத்தமாகச் சாப்பிட்ட தட்டு, கோட்டு, காரேஜ் கதவு. மூன்று வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் ஒரு உடைந்த மனிதனை உட்கார வைத்திருந்தாள். அவன் அங்கே இல்லை. அங்கே இருந்தவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், சிரித்து முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் அந்தப் படிக்கட்டில் ஏறியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று நினைத்துத்தான் வாயைப் பொத்தினாள், ஆனால் வந்தது சிரிப்பு, நாலு கணு, கடங்காரர், சாகப்போகிற நேரத்தில் விரலுக்குக் கணு எண்ணியிருக்கிறார். எதிர்வரிசையின் அழிந்த முகங்கள் இந்தப் பக்கம் திரும்புவது போலிருந்தது. பக்கத்தில் அவரும் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். இவருடைய நடுக்கண் அழிந்துபோனால் இந்த ஊருக்கு யார் இருக்கிறார்கள்? ஓரக்கண் போதும் என்று டாக்டர் சொல்லட்டும், இவர் ஓரமாகப் பார்த்துக்கொண்டாவது வரையட்டும், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அழித்து அழித்து. தன் நரம்பைப் பற்றி வேண்டிக்கொள்ளத்தான் காலையிலிருந்து மனசு தவித்தது, வேண்டுதல் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது.

"மிஸஸ்..." நீலச் சட்டை கதவருகே மங்கலாக நின்றது. "மிஸஸ் ஆரா... ஆராவாஜி?"

"அறவாழி" என்றார் வோலக்.

அவள் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாக்கு மடிந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பிசகாமல் விழுந்த ழ. பாலத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தவன், பதவிப்பிரமாணம் செய்துவைத்த நீதிபதி, பக்கத்து வீட்டு நல்ல மனிதர்கள், ஒருவர் வாயிலும் வராத ழ.

"முதல் வாரமே சொல்லிட்டார்" என்றது அந்தக் கரகரத்த குரல். "திட்டுறதா இருந்தா திட்டு, ஆனா முதல்ல என் பேரைச் சரியா சொல்லிட்டுத் திட்டுன்னார். போனை வைக்க விடல, வர்ற வரைக்கும் சொல்ல வச்சார். உங்க பேரு?"

"மங்கையர்க்கரசி."

அவர் முணுமுணுத்துப் பார்த்தார், பாதியில் தடுக்கியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

நர்ஸ் பெண் முழங்கையைப் பிடிக்க வந்தாள். ஒரு நிமிஷம் என்று அவளிடம் கையைக் காட்டிவிட்டு, மங்கையர்க்கரசி அந்தக் குரல் வந்த பக்கமாகத் திரும்பி, துண்டு துண்டாக, வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.